வடித்த கஞ்சி

சாத்தூர் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் விரல் எடுக்கிற டாக்டருக்கு வேலை போய்விட்டது என்று ஊரில் கேலி பேசிக்கொண்டார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. ரேஷன் கடைக்குப் புது அரிசி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அரசாங்கம் அதற்கு 'நலம்' என்று பெயர் வைத்தது. ஜனங்கள் சுகர் அரிசி என்றார்கள். கோதுமை தோசையையும் கேப்பைக் களியையும் வாய்க்குள்ளேயே சபித்துக்கொண்டு தின்ற ஆண்கள் எல்லாம் மறுபடியும் இலை நிறையச் சோறு போட்டு, நடுவில் குழி பறித்து, குழம்பு ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். மணிக்கட்டில் ஒட்டியிருக்கும், சர்க்கரை அளவு காட்டும் வில்லை சிவப்பாக மாறவே இல்லை. இருக்கன்குடி அம்மன் கோயிலில் நேர்த்திக்கடனாக வெள்ளியில் கால் வாங்கிப் போடுகிற கூட்டம்கூடக் குறைந்துவிட்டது என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

அந்த அரிசிக்குள் இருக்கும் சத்தைக் கண்டுபிடித்தவன் இந்த ஊர்க்காரன், வெயிலுமுத்து. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய வீட்டுப் பிள்ளை. அம்மா அப்பா இருவரும் ஒரே வருடத்தில் போய்ச் சேர, அக்கா குருவம்மாள்தான் அவனை வளர்த்துப் படிக்க வைத்தாள். அவனுக்குப் பாராட்டு விழா நடத்தாவிட்டால் ஊருக்கு ஊர் என்று பெயர் எதற்கு? கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் விழா. காலை ரயிலில் வந்து இறங்கியவன், நேரே அக்கா வீட்டுக்குப் போகத்தான் ஆட்டோ பிடித்தான். அதற்குள் போன் வந்தது.

"நான் ரஹ்மத் நிஷா, பெரியாஸ்பத்திரி டாக்டர். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சார்."

இங்கேயும் ஒரு சால்வை போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனான்.

சால்வை இல்லை. அவர் அவனை நேராகப் பெண்கள் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது, சத்தம்தான் இல்லை. முனகல் இல்லை, வலி என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் எலும்பும் தோலுமாக, ஆனால் முகத்தில் ஒரு குறையும் இல்லாமல், கல்யாண வீட்டில் வேலை முடிந்து சற்றே சாய்ந்தவர்களைப் போலப் படுத்திருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் தூக்குச்சட்டி இருந்தது. டாக்டர் ஒன்றைத் திறந்து காட்டினார். இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஏம்மா, சாப்பிடலையா?" என்று வெயிலுமுத்து அந்தக் கட்டிலில் இருந்த பெண்ணைக் கேட்டான்.

"பசிக்கலங்கய்யா. அவுக சாப்பிட்டாகளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் இல்லாம என்ன பண்றாகளோ" என்றாள் அவள்.

டாக்டரின் அறையில் வந்து உட்கார்ந்ததும் அவன், "காசநோயா?" என்று கேட்டான்.

"அதுவும் பார்த்தாச்சு. ரத்தசோகை, தைராய்டு, புற்றுநோய், எல்லாம் பார்த்தாச்சு. வயிறு நல்லாருக்கு, குடல் நல்லாருக்கு. பசி மட்டும் இல்ல. கட்டாயப்படுத்தி ஊட்டினா குமட்டிடறாங்க. குழாய் வச்சு ஏத்தினா கொஞ்சம் தேறுறாங்க. வீட்டுக்குப் போனா பழைய கதைதான். இதயமும் தசைதானே சார். வெளியிலேர்ந்து ஒண்ணும் வரலைன்னா உடம்பு அதையும் எடுத்துத் தின்னும். தூக்கத்துலயே போயிடறாங்க."

"என் அரிசின்னு சந்தேகப்படறீங்க."

"ஆமா."

"அளவு பார்த்துத்தான் போட்டிருக்கோம் டாக்டர். அதோட வேலையே குடலுக்குப் 'போதும்'னு சொல்லிச் சர்க்கரையை மெதுவா ஏற விடறதுதான். அளவு மீறினா பசி நரம்பு ஊமையாயிடும், அது எனக்குத் தெரியும். ஆனா அதே பானைச் சோத்தைத்தானே ஆம்பளைங்களும் சாப்பிடறாங்க? அவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

"நானும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். மாட்டு டாக்டர் ஒருத்தர் வந்துதான் என் கண்ணைத் திறந்தார்." ரஹ்மத் நிஷா சிரிக்கவில்லை. "ஊருக்குள்ள மாடு இரை எடுக்க மாட்டேங்குதுன்னு வரிசையா வந்திருக்காங்க. காட்டுல மேயற மாடு இல்ல, வீட்டுல கட்டிப் போட்ட மாடு. அவர் விசாரிச்சிருக்கார். எல்லாம் தொட்டியில வடிகஞ்சி ஊத்துற வீடு."

வெயிலுமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இந்த ஊரில் யாரும் சோற்றைக் குக்கரில் வைப்பதில்லை. அதுவும் சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டில், வடித்த சோறுதான் உடம்புக்கு நல்லது என்பது வேத வாக்கு. இது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கணக்குப் போட்டான். அவன் கண்டுபிடித்த சத்து தண்ணீரில் கரையும், கொதித்தாலும் சாகாது. வடித்தால் பாதி கஞ்சியோடு போய்விடும். அதனால் அரிசியில் இரட்டிப்பாகப் போட்டுவிட்டால் சோற்றில் சரியான அளவு மிஞ்சும். ஆய்வகத்தில் எல்லோரும் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். சனங்களின் பழக்கம் தெரிந்த விஞ்ஞானி என்றார்கள். வடித்த தண்ணீருக்கு அவன் வைத்த பெயர் 'வீண் நீர்'.

"அந்தக் கஞ்சி எங்க போகும்னு நினைச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"சாக்கடைக்கு" என்றான்.

"மாடு இருக்கிற வீட்டுல மாட்டுக்கு. மாடு இல்லாத வீட்டுல ரெண்டு கல் உப்புப் போட்டு, வீட்டுப் பொம்பளைக்கு. அஞ்சு பேருக்கு வடிச்ச பானையோட பாதிச் சத்து ஒருத்தியோட சொம்புல இருக்கு. தினமும். நாலு வருஷமா."

"நாங்க மாசாமாசம் போன் போட்டுக் கேக்கறோமே. ஒருத்தர்கூடச் சொல்லலையே."

"யார்கிட்ட கேக்கறீங்க? குடும்பத் தலைவர் நம்பருக்குத்தானே அந்த மெஷின் பேசுது. வீட்டுல யாருக்காவது பசி குறைஞ்சிருக்கான்னு கேக்கும். இல்லம்பார். அவர் பொய் சொல்லலை சார். அவர் பொண்டாட்டி எப்பவும் கடைசியிலதான் உக்காருவா, கேட்டா பசிக்கலைம்பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். இதுல புதுசா என்ன இருக்கு?" அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, எதையும் எழுதாமல் திரும்ப வைத்தார். "மாடு ஒரு வேளை தின்னலைன்னா பதறிப்போய் டாக்டரைத் தேடினாங்க. இவங்கள்ல முக்கால்வாசிப் பேரை மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிட்டு வந்தாங்க."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பசியே பறந்து போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மாற்று மருந்து இருந்தது. பரிசோதனைக் காலத்தில் தவறுதலாக அளவு கூடிப்போன இரண்டு பேருக்காக அவனே செய்த ஊசி. ஊமையான நரம்பை அது எழுப்பிவிடும். ஆனால் எழுந்து வருகிற பசி சாதாரணப் பசியாக இருக்காது, நெருப்பாக இருக்கும். ஐந்தாறு மாதம் அது கேட்கிற போதெல்லாம் சாப்பிட வேண்டும். அப்புறம் சாப்பிடலாம், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அடக்கினால், தளர்ந்த இதயத்தை அந்தப் பசியே நிறுத்திவிடும். அதனால் பிடித்து வைத்துக் குத்திவிட முடியாது. போட்டுக்கொள்கிறவள் சாப்பிடுகிறேன் என்று மனசார ஒத்துக்கொள்ள வேண்டும்.

"ஊசி வேணும் சார். எத்தனை முடியுமோ அத்தனை" என்றார் டாக்டர். "அதோட இன்னொண்ணு. உங்களை அவசரமா வரச் சொன்னதே அதுக்குத்தான். போன வாரம் ஒருத்தங்க மயங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டுவந்து சேர்த்தாங்க. இதயம் ரொம்பத் தளர்ந்திருக்கு. ஊசி போடலைன்னா ஆடி தாண்டறது கஷ்டம். படுங்கன்னா கேக்கலை. தம்பி வர்றான், சமைக்கணும்னு எழுந்து போயிட்டாங்க. பேரு குருவம்மாள்."

வெயிலுமுத்து எழுந்து பெட்டியைத் திறந்தான்.

அவன் பெட்டியில் மூன்று ஊசிகள் இருந்தன. விழாவில் கேள்வி கேட்பவர்களிடம் காட்டிப் பெருமைப்பட எடுத்து வந்தவை. இரண்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஆட்டோவில் ஏறியதும் சென்னைக்குப் போன் போட்டான். 'நலம்' திட்ட இயக்குநர் அருளானந்தம் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார், அவரிடம் பயப்பட வேண்டியது அதைத்தான்.

"அரிசியை நிறுத்தணும்னு சொல்றியா? மறுபடியும் கால் வெட்டறதுக்கா?"

"நிறுத்த வேண்டாம் சார். அளவைப் பாதியாக்குவோம். வடிக்காம அளவுத் தண்ணி வச்சுப் பொங்கச் சொல்லுவோம். சத்து சோத்துலயே நின்னுடும்."

"இந்த அரிசியைப் பொங்கினா குழையுமேப்பா. அறிமுகம் பண்ணின புதுசுல குழையுதுன்னு மூட்டையோட ரோட்டுல கொட்டினாங்க, மறந்துட்டியா? குழைஞ்ச சோத்தை ஆம்பளைங்க தொட மாட்டாங்க. வெளிச்சந்தையில வேற அரிசி வாங்குவாங்க. பழையபடி சர்க்கரை ஏறும்."

"பொம்பளைங்க சாகறாங்க சார்."

"அதுக்கென்ன, எச்சரிக்கை போட்டுடலாம். கஞ்சியைக் குடிக்க வேண்டாம், கீழே ஊற்றவும்னு சாக்குல சிவப்பு எழுத்துல அச்சடிச்சுடுவோம்."

"அன்னத்தைக் கீழே ஊத்தச் சொல்லி சாத்தூர்ல எந்தப் பொம்பளையும் கேக்க மாட்டா சார்."

"அது அவங்க பழக்கம். அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார் அருளானந்தம். "இன்னைக்கு உன் விழா. நல்லபடியா பேசு. இதை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அக்கா வீட்டு வாசலில் மச்சான் சண்முகையா நின்றிருந்தார். ஐந்து விரலும் உள்ள இடது காலைச் செருப்பில்லாமல் முன்னால் வைத்து நிற்பது அவர் வழக்கமாகிவிட்டது. நாலு வருடத்துக்கு முன் அந்தப் பெருவிரல் கருத்துப்போய், எடுக்க நாள் குறித்திருந்தார்கள். "வா மாப்ள, ஊரே ஒன்னயத்தான் பேசுது" என்று தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

குருவம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். சேலையை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன்தான் அவன். ஆனால் அக்கா எப்போதும் போனைக் குழம்புச் சட்டியின் பக்கம் திருப்பி, இன்னைக்கு இதுடா என்று காட்டிக்கொண்டிருப்பாள். அவனும் சட்டியைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். இப்போது அவள் கன்னத்தில் கை வைத்தால் பல் தட்டுப்படும் போலிருந்தது. கண் மட்டும் தெளிவாக, இதமாக, சிறுபிள்ளைக் கண் போல இருந்தது.

"என்னடா இம்புட்டு நேரம்? பசியோட இருப்பேன்னு அப்பவே ஒலை வச்சுட்டேன். கையக் கழுவு."

அவன் கையைக் கழுவவில்லை. அடுப்படிக்குள் போனான். சோற்றுப் பானை நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஈயச் சட்டியில் கஞ்சி, மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு சொம்பில் கொஞ்சம் தனியாக ஊற்றி உப்புப் போட்டு வைத்திருந்தாள். அவன் சொம்பை எடுத்து முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தான். பிறகு சட்டியையும் கவிழ்த்தான்.

"ஏ, என்ன காரியம்டா பண்ற?" குருவம்மாள் ஓடிவரப் பார்த்தாள். இரண்டு எட்டிலேயே மூச்சு வாங்கி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னத்தக் கொட்டலாமா? நீ குடிச்சு வளந்ததுதானடா அது."

நான் குடித்து வளரவில்லை, நீ குடித்து வளர்ந்தாய், எனக்குச் சோறு போட்டாய் என்று அவனுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்ல வரவில்லை. அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பாயில் உட்கார வைத்தான். மச்சானையும் உட்காரச் சொன்னான். கஞ்சி, சத்து, அளவு, மாடு, ஆஸ்பத்திரிக் கட்டில்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். தான் போட்ட கணக்கில் கஞ்சியை யார் குடிப்பார்கள் என்று ஒரு வரி இல்லை என்பதையும் சொன்னான்.

சொல்லி முடித்ததும் சண்முகையாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப ரேஷன்ல இந்த அரிசிய நிறுத்திருவாகளா மாப்ள?"

கேட்டுவிட்டு, தன் கேள்வி தன் காதிலேயே விழுந்தவர்போலத் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கால் அவருடையது. பிறகு, "நான் கவனிக்கல குருவு. நீ எப்பவும்போலதான் இருக்கன்னு இருந்துட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதுவும் உண்மைதான்.

வெயிலுமுத்து ஊசியை எடுத்துப் பாயில் வைத்தான்.

"இதப் போட்டா சரியாயிரும்க்கா. பசி வந்துரும். ஆறு மாசத்துக்கு நீ நேரங்காலம் பாக்காம சாப்பிடணும். மச்சான் சாப்பிட்டாகளா, பிள்ளைக வந்தாகளான்னு பாக்கக் கூடாது. பசிச்ச ஒடனே நீதான் மொதல்ல. நான் இங்கயே இருந்து பாத்துக்கிறேன். போடலைன்னா நீ செத்துப்போயிருவ."

"தெரியுதுடா. படி ஏறுனா நெஞ்சு குதிரையா ஓடுதே, தெரியாதா?" என்றாள் அவள். ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சின்னதாக இருக்கிறதே என்பது போலப் பார்த்தாள். பிறகு பத்திரமாக அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எனக்கு வேண்டாம் தம்பி."

"புரியாமப் பேசாத. ஊசி வலிக்காது."

"எனக்கு என்னடா ஊசிக்குப் பயம்? இது திருப்பிக் கொண்டாருமே, அதுக்குத்தான் பயம்." அவள் குரலில் கோபமே இல்லை. "ஒனக்குப் பசின்னா என்னன்னு தெரியாது. நான் தெரிய விடல. பன்னெண்டு வயசுல இருந்து அது எங்கூடவே கெடந்துச்சு. தீப்பெட்டி ஒட்டையில கூட இருக்கும், சோத்த வடிச்சு ஒனக்குப் போடையில கூட இருக்கும். வடிச்சுப் போட்டுட்டு, எனக்குப் பசிக்கலடா, நீ சாப்பிடும்பேன். இங்க வாக்கப்பட்டு வந்தும் அதே பாட்டுத்தான். மாமியா சாப்பிடணும், இவுக சாப்பிடணும், பிள்ளைக சாப்பிடணும். பானையோட அடியச் சொரண்டிக்கிட்டே பசிக்கலம்பேன். அம்புட்டும் பொய்யி. ஆயுசு பூரா ஒரே பொய்யச் சொல்லியிருக்கேன்."

"இப்பத்தான் வீட்டுல சோறு இருக்கேக்கா. வேணும்ங்கிறதச் சாப்பிடலாம்ல?"

"சோறு இருக்கு. பசி என்னைக்குத்தான் இல்லாமப் போச்சு? நடுவுல அது இல்லாம இந்த ரெண்டு மூணு வருசம் எப்படி இருந்துச்சு தெரியுமா? கறி கொதிக்கும், நான் பாட்டுக்கு நிப்பேன். எல்லாருக்கும் போட்டுட்டு நிம்மதியா ஒக்காருவேன். உள்ள இருந்து யாரும் என்னயக் கூப்பிடல. வெரட்டி விட்ட சக்களத்திய யாராச்சும் வெத்தல பாக்கு வச்சு வீட்டுக்குக் கூப்பிடுவாகளா?" அவள் லேசாகச் சிரித்தாள். "இப்ப எனக்குப் பசிக்கலன்னு சொன்னா அது நெசம்டா. எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா, நெசத்தச் சொல்லுறது."

அவன் அழுதான். திட்டினான். நான் பண்ணின பாவம் என்றான், எனக்காகப் போட்டுக்கொள் என்றான். அது பேசக் கூடாத பேச்சு என்று சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவள் இத்தனை காலமும் செய்ததெல்லாம் அவனுக்காகவும் இன்னும் நாலு பேருக்காகவும்தான். முதல் தடவையாகத் தனக்காகவே ஒன்றை வேண்டாம் என்கிறாள். கையைப் பிடித்துக் குத்திவிட்டால்கூட, பசித்ததும் அடக்கிவிடுவாள். அதில் அவளுக்கு உள்ள பழக்கம் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை. ஊசி அவன் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில கெடக்குற மத்த பொம்பளைகளக் கேளு. வேணும்ங்கிறவளுக்குப் போடு" என்றாள் குருவம்மாள். "சின்னவளுக இருப்பாளுக. அவளுகளுக்கு இருக்கட்டும். என்னய விட்டுரு. இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

சண்முகையா எழுந்து வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை இடது காலை முன்னால் வைக்கவில்லை. தெருக்கோடியில் விழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, பாட்டு போட ஆரம்பித்திருந்தார்கள். நடுநடுவே வெயிலுமுத்துவின் பெயர் காற்றில் வந்தது.

குருவம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் வாழையிலையைக் கொண்டுவந்து விரித்து, தண்ணீர் தெளித்து, சோற்றை வைத்தாள். வடித்த சோறு, பூப்போல உதிரி உதிரியாக இருந்தது. அவனுக்குப் பிடித்த சுண்டவற்றல் குழம்பை, ஒரு சொட்டும் சிந்தாமல் குழி பறித்து ஊற்றினாள். பிறகு எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ராத்திரி ரயில்ல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. சாப்பிடு தம்பி. எனக்குப் பசிக்கல."

அவன் இலையைப் பார்த்தான். குழம்பு வாசனை ஏறியது, வயிறு இழுத்துப் பிடித்தது. வெயிலுமுத்துவுக்குப் பசித்தது. இந்த வீட்டில், இந்த நேரத்தில், தனக்குப் பசிக்கிறதே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஊசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் சாப்பிட்டான்.